சங்கரன்கோவில் கோர்ட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை

7-8-1950, திங்கள்

தேசம் முழுவதும் ஜெயில்களில் கூட்டம் பெருகிவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. வக்கீல்கள் அறையில் முத்துக்குமாரசாமி அண்ணாச்சி அதை உரக்க வாசித்தார். இங்கே மூத்த வக்கீல் அவர்தான். "பாத்தேரா வே, சுதந்திரம் வந்துச்சு, களவாணிப்பயலுவ பெருகிட்டானுவ!"

எனக்குச் சுருக்கென்றது. எங்கே பெருகினான் களவாணி? தையில் நான் இந்தக் கோர்ட்டுக்கு வக்கீலாக வந்ததிலிருந்து பார்க்கிறேன். திருட்டு வழக்கு எப்போதாவது ஒன்று. மற்றதெல்லாம் மதுவிலக்கு. நேற்றுவரை குற்றமில்லாத ஒன்று இன்று குற்றம் என்றால் ஜெயில் நிரம்பாதா? முன்பிருந்த மாஜிஸ்திரேட் அபராதத்தோடு விடுவார். சித்திரையில் வந்த புது மாஜிஸ்திரேட் எல்லோருக்கும் ஆறு மாதம் போடுகிறார். சட்டத்தின் உச்சமே அதுதான். அப்படியும் நம் வக்கீல்கள் பழைய பழக்கத்தில், 'ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிரும்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முடிகிறது, நிமிஷத்தில். பாளையங்கோட்டை ஜெயிலில்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "சின்னப் பையன் நீரு" என்றார்.

11-8-1950, வெள்ளி

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி பகவதி கேட்டாள்: "என்ன, இன்னைக்கு எத்தனை பேரை உள்ள அனுப்புனாக ஒங்க ஆளுக?" எட்டுப் பேர்.

21-8-1950, திங்கள்

திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஆறுமுகத்தாய் வந்தாள். ஆடு மேய்க்கிற குடும்பம். இடுப்பில் பால்குடி மறக்காத பிள்ளை. ஆட்டுக் கிடைக்குப் பக்கத்து ஓடையில் சாராயப் பானை கிடந்ததாம், அவளுடையது என்று வழக்கு. புருஷன் மருதப்பன் ஜாமீன் கொடுத்து அழைத்து வந்திருக்கிறான்.

"பானை என்னுது இல்ல சாமி. ஆனா ஒத்துக்கிட்டா அவதாரம் போட்டு விட்டுருவாகன்னு சொல்லுதாகளே. ஒத்துக்கிடட்டா?"

அபராதத்தைத்தான் அப்படிச் சொல்கிறாள். அந்தக் காலம் போய்விட்டது என்றேன். தண்டித்தால் பெண்களை வேலூர் ஜெயிலுக்கு அனுப்புவார்கள் என்றும் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? மருதப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேலூர் எந்தத் திசை என்றுகூட அவனுக்குத் தெரியாது.

அவள் அழவில்லை. "செய்யாததை ஏன் ஒத்துக்கிடணும்? நீங்க நில்லுங்க, நானும் நிக்கேன்."

22-8-1950, செவ்வாய்

பயமாக இருக்கிறது. ஒத்துக்கொண்டால் பிள்ளையைப் பார்த்து மாஜிஸ்திரேட் இரங்கினாலும் இரங்குவார். வாதாடித் தோற்றால்? ஆறு மாதமும் என் தலையில்தான் விடியும். என் ரோஷத்துக்கு அவளைப் பலி கொடுக்கிறேனா? — இல்லை. அவள்தானே நிற்கிறேன் என்றாள்.

14-9-1950, வியாழன்

ஜெயித்தேன்! ஜெயித்தேன்! ஜெயித்தேன்!

நிதானமாக எழுத வேண்டும். பானையைக் கைப்பற்றியபோது உடனிருந்ததாகப் போலீசார் கொண்டுவந்த சாட்சி செல்லச்சாமி. கோவில் வாசலில் சர்பத் கடைக்காரன். எந்த ஊரில் பானை பிடித்தாலும், பிடித்த விவரம் எழுதும் மகஜரில் அவன் கையெழுத்து இருக்கும். இதுவரை யாரும் அவனைக் கூண்டில் நிறுத்திக் கேட்டதில்லை. எல்லோரும்தான் ஒத்துக்கொண்டுவிடுகிறார்களே! மகஜரில் போட்டிருந்த நாள், இந்த ஊரின் பெரிய திருவிழாவான ஆடித்தபசு. காலை பதினொரு மணி.

பானையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "தபசு அன்று கடையில் நல்ல வியாபாரமா?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"கேக்கணுமாய்யா?"

"கடையை யார் பார்த்துக்கொண்டது?"

"நாந்தான்! தபசு அன்னைக்குக் கடையை அடுத்தவன்கிட்ட விட எனக்கென்ன கிறுக்கா? விடியக்காலம் நன்னாரி கரைச்சதுல இருந்து அம்மனுக்குக் காட்சி முடியுற வரைக்கும் நின்ன எடத்தை விட்டு நகரலை."

போலீஸ் தரப்பில் வழக்கு நடத்தும் கோர்ட்டு இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் தம்மை மறந்து, "எனக்குக்கூட நீதானே சர்பத் கொடுத்தாய்?" என்று கேட்டுவிட்டார்.

"ஆமா எசமான், ரெண்டு கிளாஸ்!"

பத்து மைலுக்கு அப்பால் பானை பிடித்த மனிதன்! கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். விடுதலை. ஆறுமுகத்தாய்க்கு அந்த வார்த்தை விளங்கவில்லை. "வீட்டுக்குப் போ" என்று கோர்ட்டுச் சேவகன் டவாலி சொன்ன பிறகுதான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. வக்கீல் அழலாமா? அழுதால் என்ன?

9-10-1950, திங்கள்

ஊர் ஊராகச் செய்தி போயிருக்கிறது. இளையரசனேந்தல், குருவிகுளம், வாசுதேவநல்லூர் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். "குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா?" முதல் ஆள், "இல்லை எசமான்." அடுத்தவன், "இல்லை." கடைசி ஆள் கேள்வியை முடிக்கவே விடவில்லை. பகவதியிடம் நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இவர்களில் நிஜமாகவே காய்ச்சியவர்களும் உண்டு. இருக்கட்டுமே. நிரூபித்துவிட்டு அனுப்பட்டும்.

27-11-1950, திங்கள்

விசாரணைகள் மலையாகக் குவிந்துவிட்டன. செல்லச்சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடப் போலீசாருக்கே கூச்சம். அடுப்பு, பானை, குழாய் எல்லாம் வைத்துக் காய்ச்சுகிறவர்களை மட்டும்தான் இப்போது பிடித்து வருகிறார்கள். வழக்குக் குவியலைக் குறைக்கத்தானோ என்னவோ, முதல் தடவை அகப்பட்டவனுக்கு மாஜிஸ்திரேட் இன்று அபராதம் மட்டும் போட்டார். சித்திரைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

22-12-1950, வெள்ளி

இந்த வாரம் பாளையங்கோட்டைக்கு ஒருவர்கூடப் போகவில்லை.

இன்று அண்ணாச்சியின் கட்சிக்காரர் ஒரு கிழவர் கூண்டில் நின்றார். குமாஸ்தா வழக்கமான கேள்வியைக் கேட்டார். கிழவர் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். அண்ணாச்சி எழுந்தார், கவுனை இழுத்துவிட்டுக்கொண்டார், தொண்டையைச் செருமினார்.

"இல்லை. என் கட்சிக்காரர் விசாரணை கேட்கிறார்."

உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "வே, சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணி இருவது வருசமாச்சு. மொதல்ல என்னத்தை வே கேக்கணும்?"