எட்டிப் பார்த்த அரை நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஆய்வகத்துக்குச் சரிபார்க்க வந்த நாற்பது இரும்பு எடைக்கற்களில் எனக்கு இருபது, இறகுக்கு இருபது. இறகு என்று பெயர் வைத்தது நான்தான், இந்த நோட்டில் மட்டும். வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் கல்லைத் தராசில் வைப்பதைப் பார்த்து மேலாளர் எல்லார் முன்னாலும், "எப்படி வைக்கிறாங்க பாருங்க, இறகு மாதிரி" என்றார். பதினான்கு வருடமாக நானும்தான் வைக்கிறேன். நான் என்ன, கடப்பாரையா போட்டுக்கொண்டிருந்தேன்?

பிரிவுப் பொறுப்பாளர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியுமா?

மார்ச் 5, வியாழன்

போன வருடம் கொடுத்த ‘சிறந்த ஊழியர்’ பேட்ஜைத் தேடி எடுத்து இன்று கோட்டில் மாட்டிக்கொண்டு போனேன். ஊசி கிடையாது, பின்னால் காந்தப் பட்டை, துணியில் ஓட்டை விழாது. கிளம்பும்போது வீட்டில் இவர் பார்த்துவிட்டு, "ஸ்கூலுக்குக் கிளம்பிட்டியா?" என்றார். நான் சிரிக்கவில்லை.

அவளும் பார்த்தாள். "அழகா இருக்குக்கா" என்றாள். அக்காவாம். என்னைவிட மூன்றே வயதுதான் சின்னவள்.

மார்ச் 9, திங்கள்

என் தராசுக்கு என்னவோ ஆகிவிட்டது. கல்லை வைத்தால் எண் நிலைக்க அரை நிமிடம் ஆகும். இப்போது நிலைத்த பிறகு ஆறு மில்லிகிராம் இறங்குகிறது, கொஞ்சம் பொறுத்துப் பழையபடி ஏறுகிறது. கண்ணாடிக் கூடு மூடித்தான் இருக்கிறது. மின்விசிறி ஓடவில்லை. யாரும் தொடவுமில்லை. நான் பாட்டுக்கு எதிர் மேசையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். தராசு உயரம், அதில் படாமல் மேலாகச் சாய்ந்தால்தான் அவள் கை தெரியும்.

அவள் தராசில் எண் நின்றால் நின்றதுதான். எண் தடுமாறினால் நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. இன்று பதினொரு முறை எழுதினேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பது முறை.

மார்ச் 12, வியாழன்

மெக்கானிக் வந்து தராசைப் பிரித்து, துடைத்து, மூடினார். "தராசுல ஒரு குறையும் இல்லீங்க."

"அப்ப என்கிட்டதான் குறையா?"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எதிர் மேசையில் மேலாளர் அவளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினான்கு வருடத்தில் அந்த மனிதருக்குப் பல் இருப்பதே எனக்குத் தெரியாது. வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

காலையில் எனக்கு முன்னால் வருபவள் அவள் ஒருத்திதான். அந்த அரை மணி நேரம் தனியாக இங்கே என்ன செய்கிறாள்?

மார்ச் 13, வெள்ளி

மேலாளரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். நான் வருவதற்கு முன்னால் யாரோ என் தராசில் கை வைக்கிறார்கள் என்று. ‘யாரோ’ என்றுதான் எழுதினேன். யார் என்று அவருக்குத் தெரியாதா?

இவரிடம் சொன்னேன். "நீ பாத்தியா?"

"பாக்கணுமா என்ன?"

"பாக்காம எப்படிம்மா எழுதிக் குடுப்ப?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்தவர் தராசில் கை வைத்தால் வேலையே போகும். அது தெரிந்துதான் எழுதினேனா? தெரிந்துதான்.

மார்ச் 16, திங்கள்

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்து, "அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் குடுங்கக்கா" என்றாள். மதியம் முழுக்க அதையே புரட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"ஒரு கல் வைங்கக்கா."

வைத்தேன். எண் நின்றது.

"இப்ப என் மேசையைப் பாருங்க."

"எதுக்கு?"

"எப்பவும் பாக்குற மாதிரிதான்."

எப்பவும் பாக்குற மாதிரி. தெரிந்திருக்கிறது அவளுக்கு. சாய்ந்தேன் — ஆறு மில்லிகிராம் இறங்கியது. நிமிர்ந்தேன், ஏறியது.

"அந்த பேட்ஜைக் கழட்டிட்டுப் பாருங்க."

கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சாய்ந்தேன். எண் ஆடாமல் அசையாமல் நின்றது. மேலேயிருந்து காந்தம் இரும்பை இழுத்திருக்கிறது. இழுப்பதற்கு அது தொட வேண்டியதில்லை, கண்ணாடியும் அதற்குத் தடையில்லை. யாராவது புதிதாக வந்தால் "போனை வெளிய வச்சுட்டு வாங்க, காந்தம் ஆகாது" என்று சொல்பவளே நான்தான்.

பதிவேட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். மூன்று பக்கம். 10.12, 10.40, 11.05. ஒவ்வொன்றும் நான் அவளை எட்டிப் பார்த்த நேரம், என் கையெழுத்திலேயே. அதையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறாள். தரை பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

"சாப்பிட வாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் போகவில்லை.

மார்ச் 18, புதன்

பக்கத்தில் ஏதோ காந்தம் இருந்தது, எடுத்தாயிற்று — மேலாளரிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். யாருடையது என்று சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். எனக்கு வராத இந்தக் குணம் இவளுக்கு எப்படி வந்தது? அதற்கும் பொறாமையாக இருக்கிறது. வெட்கங்கெட்ட மனசு.

சாயங்காலம் மேலாளர் அறைக்குப் போனேன். பேட்ஜை மேசையில் வைத்தேன். அது நகர்ந்து போய்க் குண்டூசி டப்பாவோடு ஒட்டிக்கொண்டது.

"காந்தம் என்னுது சார். அவங்க எதையும் தொடலை. நான் எழுதிக் குடுத்தது பொய்."

அவர் டப்பாவிலிருந்து பேட்ஜைப் பிய்த்தெடுத்து என்னிடமே நீட்டினார். நாற்காலி போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 1, புதன்

பொறுப்பாளர் நாற்காலியில் இன்று அவள் உட்கார்ந்தாள். வேலைப் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு, வெளி வராந்தாவில் இரும்பு பீரோவில் எதை வைத்து ஒட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து பேட்ஜை எடுத்துக் கொடுத்தேன். "வேண்டாம்க்கா, இது உங்களுது" என்றாள். பட்டியலை நானே வாங்கி, பேட்ஜை வைத்து ஒட்டினேன். ‘சிறந்த ஊழியர்’ என்ற எழுத்துக்கு நேர் கீழே முதல் வரியில் அவள் பெயர். நான்காவது வரியில் நான்.

வயிறு எரியவில்லை என்று எழுதினால் அது பொய். கல்லை வைத்துவிட்டு அந்த நாற்காலியை இன்று மூன்று முறை எட்டிப் பார்த்தேன். எண் அசையவில்லை. பதிவேட்டில் எழுத ஒன்றும் இல்லாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.