டீச்சருக்காக விட்ட பழம்

கார்த்திகை, வியாழன் இரவு

பக்கத்து வீட்டுப் பொன்னிக்கு ஒன்பது வயது. உடன் படிக்கும் மூன்று சிறுமிகளும் காய் விட்டுவிட்டார்கள் என்று ஒரு வாரமாகப் பள்ளிக்கே போகவில்லை. ரிட்டயர் ஆனாலும் டீச்சர்தானே என்று, இன்று சாயங்காலம் மூவரையும் வரவழைத்து, விரலைக் கோத்துப் பழம் விட வைத்தேன். விட்டார்கள். படலைத் தாண்டியதும் ஒருத்தி சிரித்தாள். "டீச்சர் சொல்லி உட்ட பழம் செல்லாதுடீ!" பொன்னி என் பக்கத்தில்தான் நின்றாள்.

ஆறு வயது என்றால் ஆளுக்கொரு மிட்டாயில் மறந்திருப்பார்கள். ஒன்பது வயதில் ஒருத்தியைச் சேர்ப்பதும் தள்ளுவதும் அவர்களே முடிவு செய்கிற காரியம். தெரிந்தும் நடுவில் புகுந்தேன்.

பொழுது சாய்ந்ததும் பொன்னியின் அம்மா வந்தாள்.

"காலைல கேரளா எஸ்டேட்டுக்கு மொளகு பறிக்கப் போறோமுங்க டீச்சர். இவளையும் கூட்டிட்டுப் போறேனுங்க. ஸ்கூலே வேண்டாம்னு அழுவுறா."

"அங்க என்ன கண்ணு பண்ணுவா?"

"எங்கூட இருப்பாளுங்க."

அப்படிப் போன பிள்ளை எதுவும் திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடிந்ததும் செம்மேட்டிலிருந்து பஸ். அதற்குள் அந்த மூவர் வீட்டுக்கும் போகலாம். போனால் மறுபடி எனக்காகத்தான் வருவார்கள். போகாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டில் மூட்டை கட்டுகிறார்கள். கடவுளே, முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?