தகுதி கேட்ட மெஷின்

அன்பு மகள் ஆர்லேதாவுக்கு, அலபாமாவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், அங்கே ஓக்லண்டில் நீயும் பேத்தி நயீமாவும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும், பிள்ளைக்குத் தலையை இறுக்கிப் பின்னாதே, நெற்றிமுடி கொட்டிப்போகும்.

நீ செய்து நம் சபைக்கு அனுப்பிய மெஷினை புதன்கிழமை வாசலில் வைத்தார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. சபையில் வருகிறவர்க்கெல்லாம் சும்மா போடுகிற புதன் சாப்பாடு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு ஒரு நாள் நாம் எல்லாரும் 2165ஆம் வருஷத்தில் இருப்பதாகப் பாவனை, நம் கறுப்பு ஜனம் ஓட்டுரிமை வாங்கி இருநூறு வருஷம் ஆகிவிட்டது, நம் ஜனங்கள் நட்சத்திரங்களில் தோட்டம் போட்டிருக்கிறார்கள், ஊரில் பூட்டும் இல்லை பட்டினியும் இல்லை. வருகிறவரிடம் ஒரே கேள்விதான், என்ன சாப்பிடுறீங்க என்று. எனக்கும் வெள்ளி ஜரிகைப் போர்வை போர்த்தி, ஊரின் ராஜமாதா என்று வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். காராமணியும் கெளுத்தி மீனும் வெந்து மணக்கிற நேரத்தில் டூப்ரீ வந்தான், பாலத்துக்கடியில் படுக்கிறவன், சபைச் சுவரில் இருக்கிற விண்கப்பல் படத்தில் அத்தனை கீரைப்பாத்தியும் வரைந்தவன் அவன்தான். என் கேக் அச்சை 1971இல் வாங்கிப்போய் இன்னும் தராத அதே யுலாலி, மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, தம்பி இதுல நாலு கேள்விதான், தட்டிட்டு உள்ள போங்க என்றாள். பெயர் என்ன, விலாசம் என்ன, வேலை உண்டா, உதவி ஏன் தேவை. விலாசத்தில் அவன் ஒன்றும் போடவில்லை. அது தேன் குழைந்த குரலில், உங்கள் தகுதி உறுதியாகவில்லை என்றது. டூப்ரீ சிரித்தான். 2165லயாவது எனக்கு ஒரு விலாசம் இருக்கும்னு நெனச்சேன்க்கா என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தான் வரைந்த கீரையைத் தாண்டிப் போய்விட்டான்.

தகுதி. இருபத்திரண்டு வயதில் ஓட்டுக்குப் பெயர் பதியப் போனபோது கோர்ட்டு வாசலில் மூன்று தடவை எனக்குச் சொன்ன வார்த்தை அது. இந்தக் கட்டடத்தில் எத்தனை செங்கல் சொல்லு என்று கேட்டான் அங்கிருந்த வெள்ளைக்காரக் குமாஸ்தா, நான் முழிக்க, உனக்குத் தகுதி இல்லை போ என்றான், அவன் பல்லில் ஒட்டியிருந்த புகையிலைகூட மறக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர் டூப்ரீயின் அப்பா, அவருக்கும் அதே வார்த்தைதான். அந்தக் குமாஸ்தா எங்களை வெறுத்துக் கேட்டான். நீ எங்களை நேசித்துக் கேட்கவைத்திருக்கிறாய், அதுதான் குமட்டுகிறது. நான் எழுந்து ஒயரைப் பிடுங்கினேன். உங்க மக செஞ்சதுதானே, நீங்களே குத்தம் சொன்னா எப்படிங்க என்றாள் யுலாலி, அத்தனை பேர் முன்னால். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், உன்னைப் படிக்கவைத்தது இன்னும் அழகாகக் கதவைச் சாத்தக் கற்றுக்கொள்ளவா? சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் விவரம் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னாயே, தலையை எண்ணிக்கொள்ளட்டும், தட்டை எண்ணிக்கொள்ளட்டும், மனுஷனைக் கேள்வி கேட்க வேண்டாம்.

வருகிற புதனுக்குள் அந்த நாலு கேள்வியையும் எடுத்துவிடு. இல்லையென்றால் மெஷின் ஆற்றில் கிடக்கும், எறிகிறது நானாகத்தான் இருக்கும்.

எனக்கு மன்னிப்பு எழுதாதே. டூப்ரீக்கு எழுது. நம் வீட்டுப் பின்னறையை ஒழித்து அவனுக்குக் கட்டில் போட்டுவிட்டேன், இன்னும் வரமாட்டேன் என்கிறான், உன் கடிதம் வந்திருக்கிறது என்றால் வாங்கவாவது வருவான். உறைமேல் அவன் முழுப்பெயரைப் போட்டு, கீழே நம் வீட்டு விலாசத்தை எழுது. அவன் விலாசம் அதுதான்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், கோபத்தில் இருந்தாலும் உன் தலைமேல் கை வைத்துத்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா,
வெர்டெல்