இப்பத்தான் குடிச்சேன்

இன்று காலை ஸ்பேனர் பையைத் திறந்ததும் கிரீசும் தோல் வாசரும் சேர்ந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. நீ போனபிறகு நான் அந்தப் பையைத் தொடவில்லை. உன் தெரு அடிபம்பில் தண்ணீர் ஏறவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று பஞ்சாயத்திலிருந்து போன் வந்தது. பயிற்சி முடிந்த புதிதில் உன்னோடு வந்ததோடு சரி, பிறகு அந்தப் பம்புக்காக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. உன் வீட்டுக்கு எதிரில் இருப்பது, நீயே பார்த்துக்கொள்வாய். போய்ச் சரிசெய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அன்னவாசலில் நடந்த பம்பு ரிப்பேர் பயிற்சியில்தான் நாம் பழகினோம். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் நீ என்னை ‘வாங்க, போங்க’ என்பாய், நான் உன்னை ‘வா, போ’ என்பேன். அதில் ஏதும் தப்பிருப்பதாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. சாம்பியாவில் ஒரு கிராமத்துப் பெண்களுக்குப் பம்பு வேலை கற்றுக்கொடுக்க ஓராண்டுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு கேட்டபோது, நீ கையைத் தூக்கினாய். உன்னைப் பார்த்து நானும் தூக்கினேன். வளைகுடாவுக்குச் சம்பாதிக்கப் போகிற ஊரில், சும்மா வேலை செய்யக் கடல் தாண்டுகிறவளை யார் மதிப்பார்கள்? “புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?” என்றார் என் மாமியார்.

அந்த ஊர் மண்ணும் நம் மண்ணைப் போலச் சிவப்புதான். பம்பு பழுதாகி வெகுநாளாகியிருந்தது. பெண்கள் ஆற்றுக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தார்கள். பம்புக்குப் பொறுப்பாக இருந்தவள் எஸ்தர். முதல் நாள் நாம் போய் நின்றதுமே, எனாமல் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். நீ வாங்கி ஒரே மூச்சில் குடித்தாய். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டி, இப்போதுதான் குடித்தேன் என்று சைகை செய்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே.

நான்காம் நாள் எஸ்தர் வரவில்லை. மற்றப் பெண்களும் வரவில்லை. நாம் இருவர் மட்டும் பைப்பை மேலே தூக்க முடியுமா என்ன? மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியை வந்து உன்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நீ அதைக் கேட்டு எனக்குச் சொன்னாய். தன் கைத் தண்ணீரை அசிங்கம் என்று நினைக்கிறவளிடம் எதையும் கற்க மாட்டேன் என்று எஸ்தர் சொல்லிவிட்டாளாம்.

எனக்குக் கோபம் வந்தது. “அவ அம்புட்டுத் தூரம் நடந்து எடுத்தாந்த தண்ணியை நான் குடிக்கணுமா? பாவம்னுதானே வேண்டாம்னேன்?” என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பம்பு ராடைத் துணியால் துடைத்தபடியே பேசினாய்.

“எங்க தெருப் பம்புக்கு வேலைக்கு வந்தப்பவும் இதத்தான் சொன்னீங்க. மூணு தடவை வந்தீங்க. மூணு தடவையும் எங்கம்மா சொம்பக் கொண்டாந்து நீட்டுச்சு. மூணு தடவையும் நீங்க இப்பத்தான் குடிச்சிருந்தீங்க.”

உன் தெருவில் எங்கள் சாதிக்காரர்கள் கை நனைப்பதில்லை. அதை நான் யாரிடமும் படித்து வரவில்லை. அந்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிடும். எஸ்தரிடம் காட்டியது இரக்கமா, அதே பழக்கமா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. அன்று அழக்கூட வெட்கமாக இருந்தது.

“இப்ப என்ன செய்யிறது?” என்றேன்.

“போயிக் கேளுங்க. குடுத்து வேண்டாம்னவுங்க, கேட்டுத்தான் குடிக்கணும்.”

எஸ்தர் வீட்டு வாசலில் போய் நின்றேன். குடிக்கிற மாதிரி கையை வாயருகே வைத்துக் காட்டினேன். அவள் என்னை வெயிலில் நிற்கவைத்துவிட்டு முற்றத்தைக் கூட்டி முடித்தாள். பிறகுதான் குவளை வந்தது. இந்த முறை அவள் மண்டியிடவில்லை. நான் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். தண்ணீரில் ஆற்றுமண் ருசி இருந்தது. மறுநாள் பைப்பைத் தூக்க எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவள் அவள்தான். பம்பில் தண்ணீர் வந்த அன்று நீ என்னைத் தோளில் தட்டி, “ஏய், இங்கிட்டு வா, நீயும் ஒரு அடி அடி” என்றாய். அதற்குப் பிறகு நீ எனக்கு ‘ங்க’ போடவே இல்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக உன் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் தண்ணீர் கேட்பேன் என்று விமானத்திலேயே சொன்னேன். நீ சிரித்தாய். பிறகு எத்தனையோ முறை இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து டீ குடித்தோம். “ஒருநா வீட்டுக்கு வா” என்பாய். “வாரேன்” என்பேன். கடல் தாண்டி எஸ்தர் வீட்டு வாசலில் நின்றவளுக்கு, அன்னவாசல் தாண்டி வர முடியவில்லை. யார் பார்ப்பார்கள், என்ன பேசுவார்கள் என்றுதான். உன் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். நீ கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய்.

நீ போன அன்று வந்தேன். மாலை போட்டுவிட்டு வாசலோடு திரும்பினேன். துக்க வீட்டில் யாரும் யாருக்கும் தண்ணீர் நீட்டுவதில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இன்று உன் பம்பைப் பிரித்தேன். வாசர்தான் தேய்ந்திருந்தது. புதியதை எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். உன் தெருப் பெண்கள் நாலு பேர் பைப்பைப் பிடித்தார்கள். வேலை முடிந்து கை கழுவும்போது உன் மகள் சொம்போடு வந்து நின்றாள். நீ நிற்கிற மாதிரியேதான். என் வாயில் முதலில் வந்தது எது தெரியுமா? இப்பத்தான் குடிச்சேன். இத்தனைக்குப் பிறகும் அதுதான் வந்தது.

வந்ததை வெளியே விடவில்லை. வாங்கிக் குடித்தேன். இன்னொரு சொம்பு கேட்டேன். அவள் உள்ளே போய்க் கொண்டுவந்தாள். அதையும் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறும் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

“அம்மா இருக்கயிலேயே வந்திருக்கலாம்ல?” என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.