ஐந்து குக்கர்கள்

ஒஹையோ, அமெரிக்கா,
செப்டம்பர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

மி-ரான் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் நலம்தானே? அப்பாவின் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

நம் பணத்தின் மதிப்பு விழுந்ததிலிருந்து இங்குள்ள கொரியப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படிப்பை விட்டு ஊர் திரும்புகிறார்கள். இந்த ஊர் அரிசிக் குக்கர் நம் ஊர் மின்சாரத்துக்கு ஒத்துவராது அல்லவா? அதனால் போகிறவர்கள் அதைப் புதிதாக வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்த வருடம் ஒருவர்கூட வரவில்லை. எல்லாம் என் அறைக்கு வந்துவிட்டன.

நேற்று யூன்-சில் அக்காவும் கிளம்பினாள். "ஏண்டி, குக்கர் கடை போடப் போறியா?" என்று சிரித்தபடி ஐந்தாவதை என் கையில் திணித்தாள்.

"வாங்க ஆளு வேணுமே, அக்கா" என்றேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

சும்மா கிடந்தால் கெட்டுவிடும் என்று நாளுக்கொன்றில் சோறு வைக்கிறேன், ஒரு ஆளுக்கு.

முடிந்தால் காய்ந்த கடற்பாசி கொஞ்சம் அனுப்புங்கள். தபால் செலவு அதிகமென்றால் வேண்டாம். அப்பாவின் ஆலையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரச் சொன்னால் வந்துவிடுவேன், அம்மா. குக்கர்களை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
மி-ரான்