இரண்டு உறைகளில் ஒன்று

நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் போய்வந்த சிறப்பு நிருபரான அக்காவுக்கு,

விமான நிலையத்தில் இதை உன் கையில் திணித்துவிட்டு, அப்பாவின் தொப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

பருவநிலை மாநாட்டில் உடன்பாடு வந்தால் ஒன்று, பேச்சு முறிந்தால் ஒன்று என்று இரண்டு செய்திகளை முன்பே எழுதி, இரண்டு உறைகளில் என்னிடம் தந்துவிட்டுப் போனாய். ஆபீசில் வைத்தால் அவசரப்பட்டு அச்சடித்துவிடுவார்களாம். நீ போன் செய்ததும் சரியானதை நான் கொடுக்க வேண்டுமாம். பேச்சு நீண்டுகொண்டே போனது. போன் வரவில்லை. மதியம் உன் பத்திரிகையின் உதவி ஆசிரியர் கோலப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எடேய், மாலைப் பதிப்பு நிக்குது. விளையாடாம சொல்லு கேட்டியா, எது?"

உடன்பாட்டைக் கொடுத்தேன். அதைத்தான் நீ ஆசையாக எழுதியிருந்தாய். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஒருவர் நம்பினார்.

சாயங்காலம் போனில், "எல்லாம் முறிஞ்சுபோச்சுடா. நேரத்துக்குப் போன் பண்ண முடியலை. கோலப்பன் வந்து கேட்டிருப்பாரே, சரியான உறையைத்தானே கொடுத்தே?" என்று அழுதாய். அழுகிறவளிடம் என்ன சொல்வது? "ஆமாக்கா" என்றேன்.

பூமி சூடாகிறதோ இல்லையோ, உன் ஆசிரியர் கொதிக்கிறார். உன் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. உன் பெயரோடு வந்த அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடி போட்டு, சாலை பஜாரில் தன் கடையில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போவதற்கு முன் உன்னை அங்கேதான் கூட்டிப்போவாராம். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

உன் தம்பி