மூன்றடுக்குப் பெட்டியும் முறிந்த கையும்

அன்பு மகளே,

நீயும் மருமகனும் குழந்தையும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும் என்பதே என் முதற்சொல். என் உடலுக்குக் குறையில்லை, உள்ளம்தான் கொதிக்கிறது. உன் அண்ணன் காவல் நிலையத்தில் இருக்கிறான். நம் பட்டறைக்குச் சரக்கு ஏற்ற வரும் தொழிலாளி மருத்துவமனையில் கிடக்கிறார். அவர் வலக்கை இரண்டிடத்தில் முறிந்திருக்கிறது. முறித்தவன் நான் பெற்ற பிள்ளை.

திங்களன்று விளக்குக் கண்ணாடி அடைத்த அட்டைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது ஒன்று அடி பிளந்து, தரையெல்லாம் சில்லாயிற்று. உன் அண்ணன் பாய்ந்து அதைத் தூக்கிய அந்தத் தொழிலாளியின் கழுத்தைப் பிடித்து, ஏன்டா, கண்ண எங்கடா வெச்சிருக்க என்றான். அவரோ, தூக்குனதுமே கழண்டுடுச்சுண்ணே, பெட்டி இவ்ளோ நோஞ்சானா இருந்தா நான் என்ன பண்ண என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காக இவன் வண்டிக் கதவின் இரும்புத் தாழ்க்கோலை உருவி ஓங்கி அடித்தான், சில்லின்மேல் விழுந்து கிடந்தவரை மறுபடியும் அடித்தான், மூன்றாம் அடிக்கு ஓங்கிய கையில் நான் தொங்கினேன். என் சேலையில் படிந்த குருதி இன்னும் போகவில்லை.

இப்போது, அந்த ஆள்தான் பெட்டியை வீசினார், என்னையும் முதலில் அடித்தார் என்று உன் அண்ணன் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறான். சிரித்தவர்கள் வேலை போய்விடும் என்று அஞ்சி வாய் திறக்கவில்லை. உன் சித்தப்பாவோ, தமிழ்மன்ற மேடையில நீங்க பேசுற நியாயத்தையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க அண்ணி என்கிறார். வீட்டுக்குள் செல்லாத அறத்தை எந்தத் தெருவில் விற்பது?

நேற்று அதே வகை மூன்றடுக்கு அட்டைப் பெட்டியில் கண்ணாடிகளை அடுக்கி இடுப்பு உயரத்திலிருந்து நானே போட்டேன், முதல் வீழ்ச்சியிலேயே வாய் பிளந்தது. நீ சொன்ன ஐந்தடுக்குப் பெட்டி ஒன்றை வாங்கி, கண்ணாடிகளுக்கிடையே தடுப்பட்டை நிறுத்தி, அடி மடிப்புகளில் குறுக்கும் நெடுக்குமாக நாடா ஒட்டி ஆறுமுறை போட்டேன், ஒன்றுகூடக் கீறவில்லை. கூடுதல் விலை ஒரு கண்ணாடியின் விலையில் பாதிகூட இல்லை. என் பிழையும் ஒன்றுண்டு. உடையும் கோப்பையின் படக்குறி வேண்டாம், தமிழே போதும் என்று பெட்டியில் நொறுங்குபொருள் என அச்சிட வைத்தவள் நான். மருத்துவமனையில் அவர், அது கம்பெனி பேருன்னுல்ல நெனச்சேன்மா என்றார். தலைகுனிந்து வந்தேன். இனி படமும் இருக்கும்.

மூன்றடுக்கு தாங்காது என்று சென்ற மாதம் நீ அண்ணனுக்கு எழுதிய மடல் அவன் மேசை இழுப்பறையில் இருந்தது. அதன் ஓரத்தில், இவளுக்கு வேற வேலையில்ல என்று அவன் கையால் எழுதியிருக்கிறான். பெட்டி நொய்ந்தது என அறிந்தே ஒரு மனிதனை அடித்திருக்கிறான். நாளைக் காலை அம்மடலையும் பிளந்த பெட்டியையும் காவல் நிலையத்தில் கொடுத்து, கண்டதைக் கண்டபடி சொல்லப்போகிறேன். அவன் சிறை செல்வான், என்னோடு உன்னையும் வெறுப்பான். தாங்கிக்கொள்.

எல்லா நலமும் பெற்று வாழ்க. ஒன்றை மட்டும் மறவாதே. அவன் பிள்ளைகளுக்கு நீதான் அத்தை, ஞாயிறுதோறும் அவர்களோடு பேசு.

அவனையும் பெற்ற
உன் அம்மா